மூணு பேருக்கும் சமமாப் பிரிச்ச உப்பளம்

1. பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை

அந்தப் பத்திரத்தை நான் எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் நான்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில் என் காதுபடவே, "ரேவதி மேடம் போட்டுக் குடுத்த பத்திரமாம்ல" என்கிறார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் குடிக்கிற டீயை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து ரூம். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில், விடுதலை என்று எழுதாத பத்திரம் இல்லை. புதிதாக லைசென்ஸ் எடுத்து வருகிற பிள்ளைகள், "மேடம், குடும்பச் சொத்து எழுதும்போது எதை முக்கியமாப் பார்க்கணும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். சொல்லி முடித்ததும் அவர்களும் குழம்பிப் போய் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கே இன்னும் முழுசாகத் தெளியவில்லை, அவர்களைச் சொல்லி என்ன பண்ண!

தை மாதம். காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், கலைச்செல்வி வந்து நின்றாள். கணுக்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. உப்பளத்திலிருந்து நேராக வருகிறாள் என்று தெரிந்தது. ஏகாம்பரம் என்கிற பெரியவரின் கடைசிப் பிள்ளை. வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஆக்சிடென்டில் இடுப்பு போய் வீட்டோடு இருக்கிறார். குடும்பம் ஓடுவது இவள் போடுகிற உப்பில்தான்.

"மேடம், எங்க பெரியண்ணன் தண்ணியை நிறுத்திட்டான். இந்த மாசம் தண்ணி உள்ள வரலைன்னா இந்த வருஷம் எனக்கு உப்பே இல்லை" என்றாள். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒரு செட்டில்மென்ட் பத்திரம்.

வாங்கிப் படித்தேன். வெளியூரில் யாரோ எழுதியது. ஏகாம்பரம் உயிரோடு இருக்கும்போதே தன் உப்பளத்தை மூன்று பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் பல அளங்கள் குத்தகை நிலம். இது அப்படி இல்லை, அவர் பேரில் இருந்த பட்டா நிலம். மூன்று பங்கும் ஒரு அடி கூட, ஒரு அடி குறைய இல்லாமல் சமம். நான்கு எல்லை சரி. சர்வே நம்பர் சரி. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். சப்-டிவிஷன் ஆகி மூன்று பேருக்கும் தனித்தனிப் பட்டாவே வந்துவிட்டது. பொம்பளப் பிள்ளைக்கும் சமபங்கு! எத்தனை வீட்டில் இதற்காக என் ரூமில் மண்டை உடைந்திருக்கிறது தெரியுமா? எனக்கு அந்தப் பெரியவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்களேம்மா. இதுல என்ன பிரச்சினை?"

"நீங்களும் அதையே சொல்றீங்களே மேடம்! எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உப்புதான் வராது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கிளியனூர்க்காரி. நெல் வயலாக இருந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பில் போடுவதுதான். அவள் என் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து நீளவாக்கில் வைத்தாள்.

"இது அளம் மேடம். இந்தப் பக்கம் பூரா ரோடு. தெற்கு முனையில கால்வா. அங்கிருந்து உப்புத்தண்ணியை உள்ள விடுவோம். முதல்ல பெரிய தேக்கத்துல கிடக்கும். அப்புறம் நடுவுல இருக்கிற பாத்திங்கள்ல விட்டு வெயில்ல காயவைப்போம். தண்ணி கனமாகும். அதுக்கப்புறம்தான் வடக்கு முனையில இருக்கிற சின்னப் பாத்திக்கு விடுறது. அங்கதான் உப்பு இறங்கும், வாருவோம்."

"சரி."

"எங்கப்பா இப்படிக் குறுக்கால வெட்டிட்டாரு மேடம். தெற்குத் துண்டு பெரியண்ணனுக்கு. நடுத்துண்டு சின்னண்ணனுக்கு. வடக்குத் துண்டு எனக்கு."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தண்ணீர் ஒருத்தனிடம், காயவைக்கிற இடம் ஒருத்தனிடம், உப்பு வாருகிற இடம் இவளிடம். கிரைண்டரைப் பிரித்துச் சட்டியை ஒருத்தனுக்கு, மோட்டாரை ஒருத்தனுக்கு, கல்லை ஒருத்திக்குக் கொடுத்த மாதிரி. மூன்றும் சமம்தான். மாவு எவன் அரைப்பான்?

2. மூன்று பேர் சொன்னதும் சரி

பெரியவன் தனசேகரைக் கூப்பிட்டு அனுப்பினேன். தங்கச்சி தண்ணீரை மறிக்கிற அண்ணன் ஆயிற்றே, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். ரூமுக்குள் வந்தும் கழற்றவில்லை.

"ஏம்பா, தங்கச்சி வயித்துல அடிக்கலாமா?"

"அக்கா, நான் சொல்றதையும் கேளுங்க. சின்ன வயசுலேர்ந்து அந்த அளத்துல கிடந்தேன். வெயில்ல அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு. டாக்டர் இனிமே இறங்கவே கூடாதுன்னுட்டாரு. என் பங்கை ஒரு மெட்ராஸ் பார்ட்டி கேக்கிறாங்க. வித்தா ஒரு மளிகைக் கடை வச்சுப் பொழைச்சுக்குவேன். மண்ணு கொட்டி மேடாக்கணும், அதனால தண்ணி விடக்கூடாதுன்னு பார்ட்டி சொல்றாங்க. என் பட்டா, என் இடம். விக்க எனக்கு ரைட்ஸ் இல்லையா?"

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. சட்டப்படி அவனுக்கு முழு உரிமை இருக்கிறது. நியாயப்படியும் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

நடுவன் சுரேஷ் புதுச்சேரியில் கம்பெனி வேலை. போனில் பிடித்தேன்.

"மேடம், என் துண்டு நடுவுல மாட்டிக்கிச்சு. நான் உப்பும் போடல, விக்கவும் இல்ல. அண்ணன் பக்கம் பேசினா தங்கச்சி முகத்துல முழிக்க முடியாது. தங்கச்சி பக்கம் பேசினா அண்ணன் என்னைக் கொன்னுடுவான். ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டு சொல்லட்டும், கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போடுறேன். என்னை விட்டுடுங்க மேடம்!"

இவன் சொன்னதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று பேரிடமும் பேசியாயிற்று, மூன்று பேருமே நல்ல பிள்ளைகளாகத் தெரிகிறார்கள். எனக்குக் கெட்டவன் ஒருத்தன் கிடைத்திருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்!

திண்டிவனத்தில் எனக்குப் பழக்கமான வக்கீலிடம் கேட்டேன். அவர் உற்சாகமாக, "அட, இது ஈசிம்மா. நீர்ப்பாதை பாத்தியதை கேக்கலாம். பொண்ணு இடத்துக்குத் தண்ணி போறதுக்கு அண்ணன் நிலத்துல வழி விட்டாகணும்" என்றார். சந்தோஷமாக வந்து கலைச்செல்வியிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "மேடம், தண்ணி எங்கிட்ட நேரா வந்தா அது வெறும் கடல்தண்ணி. அதை வச்சு நான் என்ன பண்ண? அண்ணன் இடத்துலயும் நடு இடத்துலயும் நாள்கணக்கா கிடந்து காஞ்சு வரணும். தண்ணி போறதுக்கு வழி கேக்கலை. தண்ணி உட்கார எடம் கேக்கிறேன்."

வக்கீலுக்கு மறுபடியும் போன் போட்டேன். "தண்ணி உட்கார்றதுக்கா? அதுக்கு வழக்கு போடலாம், ஆனா வருஷக்கணக்குல இழுக்கும்மா" என்றார். அவள் கேட்பது இந்த மாதத் தண்ணீரை.

3. பெரியவர் சொன்ன பதில்

இப்படிப் பிரித்தவரையே கேட்டுவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். வறண்டு கிடந்த தெற்குத் துண்டில் ஏகாம்பரம் வரப்பை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். விற்கப்போகிற இடம் அது! அதற்கு எதற்கு வரப்பு?

"பெரியவரே, வாழ்நாள் பூரா உப்பு போட்டவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதா? ஏன் குறுக்கால வெட்டினீங்க?"

"ரோடு எல்லாருக்கும் வரணும்மா. நெடுக்கால வெட்டினா ஒருத்தனுக்குத்தான் ரோடு கிடைக்கும். மத்த ரெண்டு பேரு பின்னால மாட்டிக்குவாங்க. புரோக்கரும் அதான் சொன்னான், பத்திரம் எழுதினவரும் அதான் சொன்னாரு. எங்க பங்காளி வீட்ல அப்பன் செத்தப்புறம் அண்ணன் தம்பி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனானுங்க. அந்த கதி என் பிள்ளைங்களுக்கு வேணாம்னுதான் உசுரோட இருக்கும்போதே குடுத்தேன்."

அதுவும் சரிதானே! நெடுக்காக வெட்டினால் உப்பு வரும், ரோடு வராது. குறுக்காக வெட்டினால் ரோடு வரும், உப்பு வராது.

"சரி, ஆனா குறுக்கால வெட்டினா உப்பு எப்படிப் போடுவாங்கன்னு நினைச்சீங்க?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஏதோ நான்தான் கூறுகெட்டவள் என்கிற மாதிரி.

"இது என்னம்மா கேள்வி? எப்பவும் போல ஒண்ணாத்தான் போடுவாங்க. நான் பேரைத்தானே பிரிச்சேன், அளத்தையா பிரிச்சேன்?"

அவர் கணக்கில் பத்திரம் என்பது பேர் எழுதுகிற காகிதம். அளம் என்பது அப்படியே கிடக்கிற ஒன்று. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"கேன்சல் பண்ணிடலாமாம்மா? நான் குடுத்ததுதானே?" என்று கேட்டார். உயிலாக இருந்தால் நாளைக்கே மாற்றி எழுதலாம் என்றேன். செட்டில்மென்ட் கொடுத்தது கொடுத்ததுதான், இவராக ரத்து செய்ய முடியாது. பிள்ளைகள் சோறு போடவில்லை என்றால் சட்டத்தில் கேட்க ஒரு வழி உண்டு. "சோறு போடுறாங்களா?" என்றேன்.

"மூணு பேரும் போடுறாங்கம்மா. தனசேகரு வீட்ல தினம் மீனு" என்றார் வருத்தமாக.

4. கையெழுத்து

தனசேகர் என்னை எழுதச் சொன்ன கிரயத்தை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஒரு எழுத்தரிடம் போய் எழுதிப் பதிவுக்கு டோக்கன் போட்டுவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

பதிவு நாளில் வேறு ஒரு பத்திரத்துக்காக நானும் ஆபீசுக்குள் இருந்தேன். தனசேகர், மெட்ராஸ் பார்ட்டி, சாட்சிகள் எல்லாரும் நிற்கிறார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக ஏகாம்பரம். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். கலைச்செல்வி வாசலோடு நின்றுவிட்டாள்.

பேர் கூப்பிட்டதும் அவரும் கூடவே உள்ளே போனார். போட்டோ எடுத்து, கைரேகை வைத்து ஒவ்வொருவராக நகர, இவர் கேமரா முன்னால் போய் நின்றார். சார்பதிவாளர் மேடம் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, உங்க பேரு இதுல இல்லையே."

"என் அளம்மா அது."

"நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே ஐயா. இப்ப அது உங்க பையன் சொத்து. உங்க கையெழுத்து தேவையில்லை."

"நான் கையெழுத்து போட வரலம்மா. போடமாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்."

அந்த மேடமும் நல்லவர்தான். குரலைத் தாழ்த்தி, "அதுவும் தேவையில்லைங்க ஐயா" என்றார்.

எத்தனை பேரை நான் இதே ஆபீசில் "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து" என்று அவசரப்படுத்தி இருக்கிறேன்! வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு உரிமை வேண்டும், அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறார் மனுஷன்.

மெட்ராஸ் பார்ட்டி தனசேகரைத் தனியாக இழுத்து, "என்னங்க, கேஸ் கீஸ் ஆகிடுமா? தெளிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று பதிவை நிறுத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். தனசேகர் ஆபீஸ் வாசலில் பைக் மேல் உட்கார்ந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்க்கவில்லை. போய்விடுவான் என்று நினைத்தேன். சாவியைப் போட்டான், எடுத்தான். அப்புறம் இறங்கி என் ரூமுக்கு வந்தான்.

"அக்கா, பார்ட்டிக்கு ரோடு ஓரம்தானே வேணும்? பின்பக்கம் அவனுக்கு எதுக்கு?"

"என்னடா சொல்ற?"

மேஜையில் கிடந்த அதே ஸ்கேலை எடுத்தான். அதன் நடுவில் நெடுக்காக விரலால் கோடு இழுத்தான். "ரோடு பக்கம் பூரா எனக்கும் சுரேசுக்கும் வரட்டும், கலையோட துண்டுல இருக்கிற முன்பக்கத்தையும் சேர்த்து. பின்பக்கம் தெற்குலேர்ந்து வடக்கு வரைக்கும் மொத்தமா கலைக்கு. கால்வாயும் அங்க தொடும். சின்ன அளமாப் போகும். ஆனா தேக்கம், காயுற பாத்தி, வாருற பாத்தி எல்லாம் அவ இடத்துலயே இருக்கும்."

கலைச்செல்வி வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "உப்பு ஏத்த லாரி எப்படி வரும்? எனக்கு ரோடு இல்லையே."

"என் பக்கத்துல வழி விடுறேன். அக்கா, அதையும் எழுதுங்க."

"எழுதுறேன்டா. எழுதாம விடுவேனா?" என்று சத்தமாகவே சொன்னேன்.

5. இன்னும் தெளியாதது

இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்கிற மாதிரி மூன்று பேருக்கும் பரிவர்த்தனைப் பத்திரம் போட்டேன். சுரேஷ் சொன்ன மாதிரியே வந்து கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். இப்போது அளவு சமம் இல்லை. கலைச்செல்விக்கு நிலம் அதிகம், அண்ணன்களுக்கு ரோடு அதிகம். இதில் யார் ஏமாந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் கணக்கு வரவில்லை. தனசேகர் பொண்டாட்டி நான் அவர்களை மொட்டையடித்துவிட்டதாகச் சொல்கிறாள். கலைச்செல்வியின் வீட்டுக்காரர் முன்பக்கம் போய்விட்டதே என்று என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் தாமதமாகத்தான் உள்ளே வந்தது. உப்பு வழக்கத்தைவிடக் குறைவு. ஆனால் வந்தது.

கையெழுத்தான அன்று, யாரும் போடுவதற்கு முன்னாலேயே ஏகாம்பரமும் வந்திருந்தார். ஸ்கெட்சை அவர் முன்னால் வைத்து விரலால் காட்டினேன்: இது கலை, இது தனசேகர், இது சுரேஷ். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிம்மா. அப்ப காலையில எழுந்து நான் எங்க போறது?"

கலைச்செல்விக்குக் கோபம் வந்தது. "ஏம்பா, மடை திறக்க ஆளு வேணாமா? நான் ஒருத்தியே அங்கயும் இங்கயும் ஓடுவேனா?" என்றாள். அவர் தலையாட்டினார். ஆனால் அவள் சொன்னது அவள் மனசில் இருக்கிறது, பத்திரத்தில் இல்லை. நாளைக்கு அவளும் யாருக்காவது எழுதிக் கொடுக்கலாம், விற்கலாம். அதனால் அவர் ஆயுள் உள்ளவரை அந்த அளத்தில் இறங்கி வேலை பார்க்கிற உரிமை உண்டு என்று ஒரு பத்தி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். கலைச்செல்வி உடனே சேர்க்கச் சொன்னாள். இதை அந்த முதல் பத்திரத்திலேயே எழுதியிருக்கலாம்.

"பெரியவரே, அன்னைக்குப் பத்திரம் எழுதுறப்ப இதையெல்லாம் யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

"எத்தனை அடி, எந்தத் திசைன்னு கேட்டாங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கலை."

பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க வருகிறவர்களிடம் இப்போது நான் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: "இது பதிவான மறுநாள் காலையில, அந்த இடத்துல யாரு என்ன வேலை பண்ணுவாங்க? சொல்லுங்க." முறைக்கிறார்கள். "எழுதுறதுக்குத்தானே வந்தோம், இது என்னம்மா போலீஸ் மாதிரி" என்கிறார்கள். பரவாயில்லை. பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். தன் பேரைச் சொல்ல வரும்போது பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். அதைச் சொல்லும் வரைக்கும் நான் டைப் அடிப்பதில்லை.